ஜாவா டெஸ்க்டாப் செயலியை நெட் வழியாக மலை ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி

ஸ்விங்கிலோ ஜாவாஎஃப்எக்ஸிலோ (ஜாவாவில் ஜன்னல், பொத்தான் கட்ட உதவுபவை) ஒரு செயலி எழுதிவிட்டீர்கள். உங்கள் லேப்டாப்பில் ரன் பொத்தானை அழுத்தினால் ஜோராக ஓடுகிறது. இப்போது அதை நீலகிரியின் கீழ்கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் கட்டபெட்டுப் பக்கமும் இருக்கிற பசுந்தேயிலை வாங்கும் இடங்களின் கம்ப்யூட்டர்களில், நேரில் போகாமல், நெட் வழியாகவே போட வேண்டும். அதற்கான குறிப்பு இது.

உதாரணத்துக்கு ஒரு எடைப் பதிவுச் செயலியை எடுத்துக்கொள்கிறேன். மின்னணுத் தராசிலிருந்து எடையைப் படிக்கும், விவசாயி பெயரில் பதியும், மாதக் கடைசியில் எக்செல் கணக்கு எடுத்துக் கொடுக்கும். வெளி லைப்ரரிகள் மூன்று: சீரியல் போர்ட்டுக்கு ஜேசீரியல்காம், தரவுக்கு எஸ்க்யூலைட் ஜேடிபிசி, எக்செலுக்கு அப்பாச்சி பிஓஐ. மூன்று என்று பெயர்தான். பிஓஐ தனியாக வருகிற ஆள் இல்லை. எக்ஸ்எம்எல்பீன்ஸ், காமன்ஸ் கம்ப்ரெஸ், காமன்ஸ் ஐஓ, லாக்4ஜே ஏபிஐ என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வரும், அதில் ஒரு ஜார் (ஜாவா கோடை அடைத்த கோப்பு) விட்டுப்போனாலும் மாதக் கடைசியில் எக்செல் பொத்தானை அழுத்தும்போதுதான் தெரியும்.

நான் சொல்லப்போகும் வழியின் சாரம் இதுதான்: ஜாவா, லைப்ரரிகள் எல்லாம் சேர்த்து ஒருமுறை பெரிதாக அனுப்புங்கள், அதற்குப் பிறகு மாறிய ஜாரை மட்டும் சின்னதாக அனுப்புங்கள். ஆடி மழையில் கரண்ட் போய், டவரும் போய், நெட் அரை மணி நேரம் வந்து மறுபடி போகிற ஊர்களுக்கு ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் முழு இன்ஸ்டாலரை இறக்கச் சொன்னால் யாரும் இறக்க மாட்டார்கள், பழைய பதிப்பிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

(கட்டளைகளையும் ஆப்ஷன் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சொற்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கோடு அப்படியே வரும், பெரும்பாலானவற்றுக்கு முன்னால் இரட்டைக் கோடு உண்டு.)

வெப் ஸ்டார்ட் பற்றி

இதற்கென்றே ஒரு காலத்தில் ஜாவா வெப் ஸ்டார்ட் இருந்தது. ஜேஎன்எல்பி கோப்பு ஒன்றை சர்வரில் வைத்து, அதில் எல்லா ஜார்களையும் வரிசையாக எழுதிவிட்டால், லிங்க்கை அழுத்தியதும் தானே இறக்கி, தானே அப்டேட் பார்த்து, ஓட்டிவிடும். நல்ல யோசனை. ஆனால் ஜாவா 9-ல் அதைக் கைவிடப்போவதாகச் சொல்லி, 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-ல் எடுத்தேவிட்டார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஏற்கெனவே ஜேஎன்எல்பியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலி கையில் இருந்தால் ஓப்பன்வெப்ஸ்டார்ட் என்ற திறந்த மூலக் கருவி அதே கோப்பை ஓட்டும். இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. எல்லா அனுமதியும் கேட்கும் செயலி என்றால் எல்லா ஜாரிலும் கையொப்பம் இருக்க வேண்டும், அதுவும் ஒரு ஜேஎன்எல்பிக்குள் இருப்பவை எல்லாம் ஒரே சான்றிதழில் இருக்க வேண்டும். வேறு யாரோ கையொப்பமிட்ட லைப்ரரி வந்தால் அதைத் தனி எக்ஸ்டென்ஷன் ஜேஎன்எல்பியாகப் பிரியுங்கள். ஜார்சைனரில் கையொப்பமிடும்போது நேர முத்திரை ஆப்ஷனைத் தவறாமல் கொடுங்கள், இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியான அன்றே எல்லா மையங்களிலும் எச்சரிக்கைப் பெட்டி வந்து நிற்கும். சர்வர் அந்தக் கோப்பை ஜேஎன்எல்பிக்கான மைம் வகையோடு அனுப்ப வேண்டும், வெறும் டெக்ஸ்டாக அனுப்பினால் பிரவுசர் அதைத் திறந்து எழுத்தாகக் காட்டும். வெப் ஸ்டார்ட்டுக்கு இவ்வளவு போதும்.

ஜார்களைச் சேர்ப்பதா, பிரித்து வைப்பதா

"அண்ணே, டபுள் க்ளிக் பண்றேன், ஒண்ணுமே வரல." மையத்திலிருந்து வரும் முதல் போன் பெரும்பாலும் இதுதான். காரணம் எளிது. விண்டோஸில் ஜாரை டபுள் க்ளிக் செய்தால் அதை ஓட்டுவது ஜாவாடபிள்யூ, அதற்கு கன்சோல் கிடையாது. ஏதோ ஒரு லைப்ரரி ஜார் கிடைக்காமல் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' பிழை வந்தாலும் அதை எழுதிக் காட்ட இடமில்லாமல் சத்தமே இல்லாமல் செத்துவிடும். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஜாவா மைனஸ் ஜார்' என்று ஓட்டினால் பிழை முழுசாகத் தெரியும்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று: மைனஸ் ஜார் என்று ஓட்டும்போது கிளாஸ்பாத் (ஜார்களை எங்கே தேடுவது என்ற பட்டியல்) ஆப்ஷனையும், கிளாஸ்பாத் என்ற சூழல் மாறியையும் ஜாவா கண்டுகொள்ளாது. ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பின் கிளாஸ்-பாத் வரியை மட்டுமே பார்க்கும். அந்த வரியில் ஒவ்வொரு ஜாரின் பெயரையும் தனித்தனியாக, நடுவில் ஒரு இடைவெளி விட்டு எழுத வேண்டும். நட்சத்திரக் குறி அங்கே செல்லாது. பாதைகள் எல்லாம் அந்த ஜார் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும். ஒரு வரி 72 பைட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அடுத்த வரியை ஒரு இடைவெளியோடு தொடங்க வேண்டும். கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு என்டர் தட்டாமல் விட்டால் அந்த வரியே காணாமல் போகும். ஆகவே இதைக் கையால் எழுதாதீர்கள். செயலியைக் கட்டும் கருவி மேவன் என்றால் ஜார் ப்ளகினில் 'ஆட் கிளாஸ்பாத்' என்பதை ட்ரூ என்று வைத்து, கிளாஸ்பாத் ப்ரிஃபிக்ஸாக லிப் ஃபோல்டரைக் கொடுங்கள். டிபென்டென்சி ப்ளகினின் 'காப்பி டிபென்டென்சீஸ்' இலக்கு அந்த ஃபோல்டருக்குள் ஜார்களைக் கொண்டுவந்து போடும். கிரேடில் என்றால் அப்ளிகேஷன் ப்ளகினும் 'இன்ஸ்டால் டிஸ்ட்' டாஸ்க்கும் போதும்.

இன்னொரு வழி, எல்லாவற்றையும் ஒரே ஜாராக அமுக்கிவிடுவது. ஃபேட் ஜார் என்பார்கள், மேவனில் ஷேட் ப்ளகின், கிரேடிலில் ஷேடோ ப்ளகின். பக்கத்து மேசைக்காரருக்குப் பென்டிரைவில் கொடுக்க நல்ல வழி. நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. சொந்தக் கோடில் ஒரு வரி மாறினாலும் பிஓஐ, எஸ்க்யூலைட் எல்லாம் சேர்ந்த மொத்த மூட்டையையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். எஸ்க்யூலைட் ஜார் மட்டுமே விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றுக்குமான நேட்டிவ் கோப்புகளைச் சுமந்துகொண்டு வருவதால் கனமானது, அது வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை மாறினால் அதிகம்.

அப்படியும் ஃபேட் ஜார்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பவுன்சி காஸில் மாதிரிக் கையொப்பமிட்ட ஜார் உள்ளே போனால் அதன் கையொப்பக் கோப்புகள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் ஒட்டிக்கொண்டு வந்து, 'இன்வேலிட் சிக்னேச்சர் ஃபைல் டைஜஸ்ட்' என்று செயலியே தொடங்காது. எஸ்எஃப், ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ என்று முடியும் கோப்புகளை ஷேட் ஃபில்டரில் விலக்குங்கள். இரண்டு லைப்ரரியில் ஒரே பெயரில் சர்வீசஸ் கோப்பு இருந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும், அதை ஒட்டவைக்க சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைச் சேருங்கள்.

ஜாவாவையும் சேர்த்துக் கட்டுவது

மையத்தின் கம்ப்யூட்டரில் ஜாவா இருக்கும், அதுவும் நமக்கு வேண்டிய பதிப்பில் இருக்கும் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள். ஜாவாவைக் கையோடு அனுப்பிவிடுவதே நல்லது. ஜேபேக்கேஜ் என்ற கருவி ஜேடிகேயுடனேயே (ஜாவா எழுதுவோருக்கான கருவித் தொகுப்பு) வருகிறது. ஜாவா 14-ல் சோதனையாக வந்து, 2021 மார்ச்சில் வந்த 16-ல் முழுமையானது. இலவசமாகக் கிடைக்கும் எக்லிப்ஸ் டெமுரின் ஜேடிகேயை எடுத்துக்கொண்டால் உரிமத் தலைவலியும் இல்லை.

ஜேபேக்கேஜுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: இன்புட் ஃபோல்டர், மெயின்-ஜார், மெயின்-கிளாஸ், நேம், ஆப்-வெர்ஷன், டைப். டைப்பில் ஆப்-இமேஜ் என்று கொடுத்தால் ஒரு ஃபோல்டர் கிடைக்கும், ஜிப் பண்ணி அனுப்பலாம். எம்எஸ்ஐ அல்லது எக்ஸ்இ என்று கொடுத்தால் இன்ஸ்டாலர் கிடைக்கும், அதற்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் கட்டும் விக்ஸ் டூல்செட்டையும் போட்டிருக்க வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டாலரை விண்டோஸில்தான் கட்ட முடியும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் விண்டோஸ் ரன்னர் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

விண்டோஸுக்கான ஆப்ஷன்களில் கட்டாயம் போட வேண்டியவை இரண்டு. ஒன்று, வின்-பர்-யூசர்-இன்ஸ்டால். இதைப் போட்டால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்காமல் பயனரின் சொந்த ஃபோல்டரிலேயே நிறுவும். மையத்தில் எடை போடுபவரிடம் அட்மின் பாஸ்வேர்ட் எங்கே இருக்கப்போகிறது! இன்னொன்று, வின்-அப்கிரேட்-யுயுஐடி. இது செயலியின் அடையாள எண், ஒருமுறை உருவாக்கி எல்லாப் பதிப்புக்கும் அதையே கொடுங்கள், அப்போதுதான் புதிய இன்ஸ்டாலர் பழையதைத் தூக்கிவிட்டு உட்காரும்.

அளவைக் குறைக்க ஜேலிங்க் இருக்கிறது, தேவையான மாட்யூல்களை மட்டும் வைத்துச் சின்ன ஜாவா கட்டித் தரும். ஜேடெப்ஸ் கருவிக்கு உங்கள் ஜாரையும் லிப் ஃபோல்டரையும் காட்டி, 'பிரின்ட்-மாட்யூல்-டெப்ஸ்' என்று கேட்டால் தேவையான மாட்யூல்களைப் பட்டியல் போட்டுத் தரும். அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள், கோடில் நேரடியாகத் தெரியும் தொடர்புகளைத்தான் அது பார்க்கும். கையால் சேர்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஜாவா 21 வரை ஜேடிகே.கிரிப்டோ.ஈசி மாட்யூல் இல்லாவிட்டால் பல எச்டிடிபிஎஸ் சர்வர்களோடு கைகுலுக்கலே நடக்காது, 22-லிருந்து அது அடிப்படை மாட்யூலுக்குள்ளேயே வந்துவிட்டது. சன் மிஸ்க் அன்சேஃப் கேட்கும் லைப்ரரிகளுக்கு ஜேடிகே.அன்சப்போர்ட்டட் வேண்டும். நமக்கென்றே முக்கியமானது ஜேடிகே.லொக்கேல்டேட்டா: தமிழ் மாதப் பெயர், கிழமைப் பெயர் எல்லாம் இருப்பது அதில்தான். அது இல்லாமல் கட்டினால் உங்கள் லேப்டாப்பில் 'ஜூலை' என்று வந்த ரசீது மையத்தில் ஆங்கிலத்தில் வரும், எந்தப் பிழையும் காட்டாது. முழு லொக்கேல்டேட்டாவும் பெரிது என்று தோன்றினால் 'இன்க்ளூட்-லொக்கேல்ஸ்' ஆப்ஷனில் ஆங்கிலத்தையும் தமிழையும் மட்டும் கொடுங்கள்.

தமிழ் என்றதும் இன்னும் இரண்டு. ஜாவா 18-க்கு முன்னால் கோப்பு படிக்கும் எழுதும் குறியாக்கம் விண்டோஸ் சொல்வதுதான், அங்கே விவசாயி பெயரெல்லாம் கேள்விக்குறியாக மாறும். 18-லிருந்து யுடிஎஃப்-8 தான் இயல்பு. எழுத்துருவுக்கு அந்தந்த விண்டோஸை நம்பாமல் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஜாருக்குள்ளேயே வைத்து ஏற்றுங்கள், அதன் உரிமம் அதற்கு அனுமதிக்கிறது.

ஜாவாஎஃப்எக்ஸ்காரர்களுக்கு: 11-லிருந்து அது ஜேடிகேயில் கிடையாது, அதுவும் ஒரு வெளி லைப்ரரிதான், விண்டோஸுக்கு வேறு ஜார், லினக்ஸுக்கு வேறு ஜார்.

அப்டேட்: எடுப்பான் ஒன்று, செயலி ஒன்று

இந்த வேலையில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. அப்டேட்4ஜே, கெட்டவுன் என்று தயார் நிலைக் கருவிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்தாலும் சரி. சொந்தமாக எழுதினாலும் சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும், எங்கே என்ன நடக்கிறது என்பதும் கைக்குள் இருக்கும்.

இன்ஸ்டாலருக்குள் மெயின்-ஜாராகப் போவது ஒரு சின்ன எடுப்பான் மட்டுமே. அதன் வேலை, சர்வரில் இருக்கும் பட்டியல் கோப்பைப் படிப்பது. அதில் ஒவ்வொரு ஜாருக்கும் பெயர், அளவு, ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி) மூன்றும் இருக்கும். கையில் இருப்பதோடு ஒப்பிட்டு, மாறிய ஜாரை மட்டும் 'புதிது' என்ற ஃபோல்டரில் இறக்கும். முழுதாக வந்து ஷா-256 ஒத்துப்போனால் மட்டுமே இடம் மாற்றும். பிறகு செயலியைத் தொடங்கும். நெட் இல்லையா, ஐந்து விநாடி பார்த்துவிட்டு இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். இலை மூட்டை தராசில் ஏறி நிற்கும்போது 'அப்டேட் சோதிக்கப்படுகிறது' என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தால் திட்டு யாருக்கு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாதியில் அறுந்த டவுன்லோடை விட்ட இடத்திலிருந்து தொடர எச்டிடிபியில் ரேஞ்ச் தலைப்பு இருக்கிறது. ஏற்கெனவே வந்த பைட்டுகளின் எண்ணைச் சொல்லிக் கேட்டால், சர்வர் 206 என்ற பதிலோடு மிச்சத்தை மட்டும் தரும். 200 என்று பதில் வந்தால் அது முதலிலிருந்து முழுக் கோப்பையும் அனுப்புகிறது என்று அர்த்தம், அதைப் பழைய பாதியின் வாலில் ஒட்டிவிடாதீர்கள். என்ஜின்எக்ஸ் போன்ற சாதாரண சர்வர்கள் சும்மா வைத்த கோப்புகளுக்கு ரேஞ்ச்சைத் தானாகவே ஆதரிக்கும். ஜார் பெயரிலேயே பதிப்பு எண்ணைப் போட்டு நீண்ட நாள் கேஷ் கொடுங்கள், பட்டியல் கோப்புக்கு மட்டும் கேஷ் வேண்டாம்.

அடுத்து, இறக்கிய ஜார்களை எப்படி ஓட்டுவது? புதிதாக ஒரு ஜாவா புராசஸைக் கிளப்பலாம் என்று தோன்றும். ஜேபேக்கேஜ் தானே கட்டும் ரன்டைமில் வழக்கமாக ஜாவா.எக்ஸ்இ இருக்காது, நேட்டிவ் கட்டளைகளை உரித்துவிட்டுத்தான் கட்டும். ஆகவே எடுப்பானுக்குள்ளேயே, ஓடும்போது ஜார்களை ஏற்றும் யுஆர்எல்கிளாஸ்லோடர் வைத்து ஏற்றுங்கள். இங்கே கவனம் வேண்டும். கிளாஸ்லோடர் வழக்கமாகத் தனக்கு மேலுள்ள தாய் கிளாஸ்லோடரிடம் முதலில் கேட்கும். இன்புட் ஃபோல்டரில் பழைய ஜார்களையும் போட்டிருந்தால் ஜேபேக்கேஜ் அவற்றைக் கிளாஸ்பாத்தில் சேர்த்துவிடும், நீங்கள் என்னதான் புதிதாக இறக்கினாலும் ஓடுவது பழையதாகவே இருக்கும். இதற்குத் தீர்வு, தாயாகப் ப்ளாட்ஃபார்ம் கிளாஸ்லோடரைக் கொடுப்பது. தொடக்க ஜார்களை ஜிப்பாக வைத்து முதல் ஓட்டத்தில் பிரித்துக்கொள்வது இன்னும் சுத்தம். அப்புறம், செயலியைத் தொடங்கும் முன் த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஜேடிபிசி டிரைவர் கண்ணுக்கே தெரியாது.

செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் அதன் ஜாரைப் பூட்டி வைத்திருக்கும், மேலெழுத முடியாது. அதனால்தான் இடம் மாற்றுவது எப்போதும் தொடங்கும் நேரத்தில், ஜார்களை ஏற்றுவதற்கு முன்.

பாதுகாப்பை மறக்க வேண்டாம். ஷா-256 பட்டியலும் ஜாரும் ஒரே சர்வரில் இருந்தால், சர்வருக்குள் புகுந்தவன் இரண்டையும் மாற்றிவிடுவான். பட்டியல் கோப்பை உங்கள் லேப்டாப்பில் வைத்தே தனிச் சாவியால் கையொப்பமிட்டு, பொதுச் சாவியை எடுப்பானுக்குள் வைத்துச் சரிபாருங்கள். ஜாவா 15-லிருந்து எட்25519 என்ற கையொப்ப முறை உள்ளேயே இருக்கிறது, வெளி லைப்ரரி தேவையில்லை.

இன்னொன்று, மாறுகிறதெல்லாம் ஜாருக்குள் இருக்க வேண்டியதில்லை. பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. அந்த எண்ணைக் கோடுக்குள் எழுதிவிட்டு மாதாமாதம் ஜார் அனுப்புவது வீண் வேலை, செயலி படிக்கிற ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் வையுங்கள்.

தரவு, ஆன்டிவைரஸ், சோதனை

எஸ்க்யூலைட் தரவுக் கோப்பை இன்ஸ்டால் ஃபோல்டருக்குள் வைக்கவே கூடாது. அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடும்போது அந்த ஃபோல்டர் போனால் மாதம் முழுக்க எடை போட்ட கணக்கும் போகும், அது விவசாயியின் பணம். தனி ஃபோல்டரில் வையுங்கள், டேபிள் அமைப்பை மாற்றும் அப்டேட் என்றால் மாற்றுவதற்கு முன் 'வேக்கம் இன்டூ' கட்டளையால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள்.

எஸ்க்யூலைட்டும் ஜேசீரியல்காமும் தங்கள் டிஎல்எல் கோப்பை ஓடும்போது ஒரு ஃபோல்டரில் பிரித்து வைத்து ஏற்றும், எஸ்க்யூலைட்டுக்கு அது வழக்கமாக டெம்ப் ஃபோல்டர். சில ஆன்டிவைரஸுக்கு அது பிடிக்காது, 'தராசு வரல' என்று போன் வந்தால் முதலில் அதைப் பாருங்கள். எஸ்க்யூலைட்டுக்கு அந்த ஃபோல்டரை மாற்றிச் சொல்ல ஓஆர்ஜி.எஸ்க்யூலைட்.டிஎம்பிடிஐஆர் என்ற பிராப்பர்ட்டி உண்டு.

கையொப்பமிடாத இன்ஸ்டாலரை இறக்கினால் விண்டோஸ் ஸ்மார்ட்ஸ்க்ரீன் நீலப் பெட்டி காட்டி மிரட்டும். கோட் சைனிங் சான்றிதழ் வாங்கலாம், 2023 ஜூனிலிருந்து அதன் சாவி ஹார்ட்வேர் டோக்கன் மாதிரியான பாதுகாப்பான சாதனத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி, செலவும் உண்டு. நாலைந்து மையங்களுக்கு மட்டும் என்றால் 'மோர் இன்ஃபோ' அழுத்தி 'ரன் எனிவே' கொடுப்பதைக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். கூடவே இன்ஸ்டாலரின் ஷா-256-ஐயும் அனுப்புங்கள், செர்ட்யூடில் கட்டளையால் அவர்களே சரிபார்க்கலாம்.

பழைய 32 பிட் விண்டோஸ் லேப்டாப் இன்னும் சில மேசைகளில் உண்டு. ஜேடிகே 24-ல் அந்த ஆதரவை எடுத்துவிட்டார்கள், முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையை உங்கள் லேப்டாப்பில் செய்யாதீர்கள், அங்கே ஜேடிகே இருக்கிறது, மேவன் கேஷ் இருக்கிறது, எல்லாம் ஓடத்தான் செய்யும். விண்டோஸ் ப்ரோ இருந்தால் விண்டோஸ் சேண்ட்பாக்ஸைத் திறந்தால் போதும், ஒவ்வொரு தடவையும் ஜாவா வாடையே படாத புது விண்டோஸ் கிடைக்கும். அதில் நிறுவி, பதிந்து, எக்செல் வரை எடுத்துப் பாருங்கள். டவுன்லோட் பாதியில் நெட்டைத் துண்டியுங்கள். பயனர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருக்கும் கணக்கிலும் ஒருமுறை ஓட்டுங்கள், ஃபோல்டர் பாதை அங்கேதான் பல்லிளிக்கும்.

கடைசியாக, பிழை எல்லாவற்றையும் ஒரு லாக் கோப்பில் எழுதச் செய்து, மெனுவில் 'லாக் ஃபோல்டரைத் திற' என்று ஒரு வரி வையுங்கள். முந்தைய பதிப்பின் ஜார்களையும் 'பழையது' ஃபோல்டரில் விட்டுவையுங்கள், புதியது இரண்டு தடவை தொடர்ந்து தொடங்காமல் விழுந்தால் எடுப்பான் தானே அதற்குத் திரும்பட்டும். அன்றைக்கு எடை நிற்காமல் ஓடும், லாக் கோப்பு சாயங்காலம் நெட் வந்ததும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.